அவையில் எழுந்த விகர்ணன்

பாரதக் கதையைக் கேளாதார் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. வில்லிபுத்தூராரைக் கல்லாதவரும் திரௌபதியம்மன் கோயிற் கூத்திலே துச்சாதனனைக் கண்டிருப்பர். கூத்தைக் காணாதவரும் பாட்டிமார் வாயிலாகக் கர்ணனுடைய கொடையையும் வீட்டுமருடைய விரதத்தையும் அறிந்திருப்பர். ஆயினும், விகர்ணன் யாவன் என்று வினவினால் விடை கூறுவார் அரியர். 'கர்ணனுக்குத் தம்பியோ?' என்று எம்மைத் திருப்பிக் கேட்டாரும் உளர். பெயரொலியில் ஒப்புமை உண்டேயன்றி அவன் கர்ணனுக்குத் தம்பி அல்லன். திருதராட்டிரனுக்கும் காந்தாரிக்கும் பிறந்த நூற்றுவருள் ஒருவன், துரியோதனனுக்கு இளையவன். விகர்ணன் என்னும் வடசொல்லுக்குப் பெருங்காதினன் என்றும் காதில்லாதவன் என்றும் இருவகையாகப் பொருள் கூறுவர். அத்தினாபுரத்து அவையில் ஒரு பெண்ணின் வினா அத்தனை செவிகளிலும் விழுந்தும் விடை பிறவாதிருந்தபோது, காதில்லாதவன் எனப் பொருள்படும் பெயருடையானே எழுந்து விடை கூறினான் என்பது வேடிக்கையன்றோ?

இவனைக் குறித்து எம் வகுப்பு நண்பரிடையே நிகழ்ந்த வாதமே இக்கட்டுரைக்குக் காரணம். 'பேசினான், அமர்ந்தான், ஒன்றும் ஆகவில்லை. பின்னர்த் தமையன் பக்கமே நின்று போர் செய்து மாண்டான். இவனைப் புகழ்வானேன்?' என்றார் ஒரு சாரார். 'அத்தகைய அவையில் வாய் திறந்ததே பெரிது. அதற்குமேல் அவனிடம் எதிர்பார்ப்பது முறையன்று' என்றார் மற்றொரு சாரார். இரு திறத்தாரோடும் யாம் முற்றும் உடன்படுவதற்கில்லை. என்னை? முன்னவர் அவன் பேசிய பேச்சின் பயனை அறிந்திலர். பின்னவர் அப்பேச்சுக்குப் பின் நிகழ்ந்தவற்றை மறந்தனர்.

அவை நிகழ்ச்சியை முதலில் நினைவு கூர்வோம். தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் சூதில் தோற்று, இறுதியில் திரௌபதியையும் பணயமாக வைத்துத் தோற்றார். அவளைத் துச்சாதனன் கூந்தலைப் பற்றி இழுத்து வந்தான். அவள் அழுதாள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவார் கதையைப் பாதியாக்குகின்றனர். அவள் ஒரு வினாவையும் எழுப்பினாள். முதலில் தம்மைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தம்மைத் தோற்று அடிமையான பின்னர் என்னைப் பணயமாக வைக்க அவருக்கு உரிமை ஏது? இதுவே அவ்வினாவின் சாரம். வழக்கு மன்றத்தில் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் கேட்கத்தக்க வினா அது.

வீட்டுமர் கூறிய விடையை யாவரும் அறிவர். பொருளற்றவன் பிறர் பொருளைப் பணயம் வைத்தற்கில்லை, ஆயினும் மனைவி கணவனுக்கு வசப்பட்டவள் எனவும் உலகம் கொள்கின்றது, அறம் நுண்ணியது, ஆதலின் முடிவு கூற இயலாது என்பது அவர் கருத்து. இதனை வெறும் சாக்கு என்று தள்ளுவது நேர்மையன்று. அக்காலத்து நூல்வழக்கில் அங்கே மெய்யாகவே ஒரு சிக்கல் இருந்தது. எனினும், ஐயம் தீராத இடத்தில் அவ்வையம் யாருக்குச் சார்பாக நிற்கவேண்டும்? வலியாருக்கோ, நடுவில் நிறுத்தப்பட்ட எளியாளுக்கோ? 'எமக்குத் தெளிவில்லை, தெளிவு பிறக்குமளவும் அவளைத் தொடாதீர்' என்று கூறக் கிழவருக்கு என்ன தடை இருந்தது? இந்த ஒரு சொல்லுக்கு நூல் வேண்டுவதில்லை; நெஞ்சு போதும்.

இனி, விகர்ணனிடம் வருவோம். வியாச பாரதத்துச் சபா பருவத்தை, கும்பகோணம் இராமாநுஜாசாரியார் பதிப்பித்த தமிழ் உரைநடையில் ஊன்றிப் படிப்பார்க்கு ஒன்று புலனாகும். விகர்ணன் எடுத்த எடுப்பிலே தீர்ப்புக் கூற முந்தினான் அல்லன். முதற்கண் பெரியோரை நோக்கினான். வீட்டுமரும் திருதராட்டிரரும் குருகுலத்து முதியோர், அவர்கள் பேசவில்லை. விதுரர் பேசவில்லை. ஆசிரியர்களாகிய துரோணரும் கிருபரும் பேசவில்லை. அவர்களையெல்லாம் பெயர் சுட்டிக் கூறி, பல திசைகளிலிருந்தும் வந்திருந்த அரசரை நோக்கி, விருப்பு வெறுப்பின்றித் தத்தம் கருத்தைச் சொல்லுமாறு வேண்டினான். ஒருமுறையன்று, பலமுறை வேண்டினான். நன்று என்றோ தீது என்றோ ஒருவரும் வாய் திறந்திலர். அதன்பின்னரே, கையைக் கையொடு பிசைந்து, நெடுமூச்செறிந்து, 'நீவிர் சொல்லினும் சொல்லாதொழியினும் யான் நியாயம் எனக் கருதுவதைச் சொல்வேன்' என்னும் பொருள்படத் தன் உரையைத் தொடங்கினான்.

அந்தக் கை பிசைதலை யாம் பெரிதும் மதிக்கிறோம். மேடையேறும் ஆசையால் எழுந்தவன் கை பிசையான். முதியோரை முந்திக்கொள்ள விழைந்தவன் முதியோரைப் பலகால் வேண்டான். யாரேனும் ஒரு பெரியவர் எழுந்திருந்தால் அவன் மகிழ்ந்து அமர்ந்திருப்பான் என்றே தோன்றுகிறது.

அவன் கூறிய காரணங்கள் நான்கு. வேட்டை, கள், சூது, காமமிகுதி என்பன அரசர்க்குரிய தீய பற்றுக்கள். அவற்றில் மூழ்கியவன் செய்யும் செயலை உலகம் செயலாகக் கொள்வதில்லை. தருமபுத்திரர் சூதின் வெறியில் செய்தார் என்பது ஒன்று. திரௌபதி ஐவர்க்கும் பொதுவானவள்; ஒருவர் மட்டும் அவளைப் பணயமாக்குதல் எங்ஙனம் என்பது மற்றொன்று. தம்மைத் தோற்ற பின்னர் அவளை வைத்தார் என்பது அவளே எழுப்பிய நியாயம். அவளைப் பணயமாக வைக்கும்படி பெயர் கூறித் தூண்டியவன் சகுனியே என்பது இறுதியானது. ஆதலின் அவள் வெல்லப்பட்டவள் அல்லள் என்று முடித்தான். அவை ஆரவாரித்தது. விகர்ணனைப் புகழ்ந்தது; சகுனியை இகழ்ந்தது. புகழ்ந்த அந்த வாய்கள் சிறிது முன்னர் எங்கே இருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னும் சிறிது நேரத்தில் அவை எங்கே போயின என்றும் கேட்கவேண்டும். ஒருவன் எழுந்தால் கைகொட்டுதற்கு ஆயிரம் பேர் உண்டு. அவனோடு எழுந்து நிற்றற்கு ஒருவரும் இலர். கல்லூரிச் சங்கக் கூட்டங்களில் அமர்ந்து பழகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

கர்ணன் சினந்து மறுத்தான். அரணிக் கட்டையிற் பிறந்த தீ அக்கட்டையையே எரிப்பதுபோலத் தன் குலத்தையே அழிக்கப் பிறந்தவன் என்று விகர்ணனை இகழ்ந்தான். நீ சிறுவன், சிறுவனாயிருந்தும் முதியோர்போல அவை நடுவே பேசத் துணிந்தாய் என்றான். அவன் வாதமே கூறவில்லை என்று யாம் சொல்லவில்லை. தருமர் தம் உடைமை அனைத்தையும் வைத்தபோதே திரௌபதியும் அதனுள் அடங்கினாள் என்று ஒரு வாதமும் கூறினான். ஆயினும் முதலில் வந்தது வயது. வாதம் பின்னரே வந்தது. இளையோர் பேச்சை அடக்குதற்கு அன்றுமுதல் இன்றுவரை இதனினும் எளிய கருவி கண்டுபிடிக்கப்படவில்லை போலும். சொல் மெய்யா என்று ஆராய்வதைவிடச் சொன்னவன் யார் என்று ஆராய்வது எளிது.

இங்கே கர்ணன் மற்றொன்றும் கூறினான். எம் நண்பர் பலர் அதனைக் கவனித்திலர். எம் கருத்து முழுதும் அதன்மேலேயே நிற்கிறது. திரௌபதி இத்துணை வற்புறுத்திக் கேட்டும் இப்பெரியோர் ஒன்றும் சொல்லாதிருக்கின்றனர். ஆகவே அவள் அறநெறிப்படியே வெல்லப்பட்டாள் என்பது இவர்கள் கருத்து என்று அவன் வாதித்தான். காண்மின்! வீட்டுமர் தம் மௌனத்தை நடுநிலை என்று எண்ணியிருந்தார். துரோணரும் கிருபரும் தாம் எப்பக்கமும் சாயவில்லை என்று எண்ணியிருந்தனர். கர்ணனோ அந்த மௌனத்தைக் கையில் எடுத்துத் தன் வழக்கிற்குச் சாட்சியாக நிறுத்திவிட்டான். பேசாதாருடைய வாக்கு அவர்களைக் கேளாமலே எண்ணப்பட்டது. மறுத்து, 'அது எம் கருத்தன்று' என்று சொல்லவும் அவர்களுள் ஒருவர் எழுந்திலர்.

பேச்சினால் ஒன்றும் ஆகவில்லை என்று கூறும் நண்பர்க்கு எம் விடை இதுவே. துகிலுரிதலைப் பேச்சுத் தடுக்கவில்லை, உண்மையே. ஆனால் விகர்ணன் எழாதிருந்தால் கர்ணன் கூற்று மறுக்கமுடியாத உண்மையாகவே நின்றிருக்கும். குருகுலம் முழுதும் உடன்பட்டு இக்கொடுமையைச் செய்தது என்று கதை முடிந்திருக்கும். நூற்றுவருள் ஒருவன் உடன்படவில்லை என்பது அவையறிய நிகழ்ந்துவிட்டமையால், பிறர் உடன்பட்டது அவரவர் குற்றமாயிற்று. குலத்தின் விதியாக அன்று. 'அக்காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள்' என்று இன்று வீட்டுமர்க்காக வாதாடுவாரையும் விகர்ணன் ஒருவனே வாயடைக்கிறான். அதே காலத்தில், அதே அரண்மனையில், அதே சோற்றை உண்டு வளர்ந்த ஓர் இளைஞன் வேறாக எண்ணினான். எண்ணியதைச் சொல்லியும் விட்டான்.

விதுரர் இதனை உணர்ந்தார். அவர் பின்னர் எழுந்து, விகர்ணன் தன் அறிவுக்கு எட்டியவாறு வினாவிற்கு விடை கூறிவிட்டான், நீவிரும் கூறுமின் என்று அரசரை வேண்டினார். அவையிலிருந்து அறம் அறிந்தும் விடை கூறாதவன் பொய்யின் பயனிற் பாதியை அடைவான் என்றும் எச்சரித்தார். தன் மகன் விரோசனனுக்கு எதிராகவே தீர்ப்புக் கூறிய பிரகலாதன் கதையையும் எடுத்துச் சொன்னார். அது திருதராட்டிரனுக்கென்றே சொல்லப்பட்ட கதை. கண்ணில்லாத தந்தை அதனைக் கேட்டும் கேளாதவனாயிருந்தான்.

புனா நகரத்துப் பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 1919ஆம் ஆண்டு தொடங்கி 1966ஆம் ஆண்டில் நிறைவித்த பாரதப் பதிப்பில், திரௌபதி கண்ணனை அழைத்து முறையிடும் பகுதி மூலத்தினின்று பிரித்துப் பிற்சேர்க்கையோடு வைக்கப்பட்டுள்ளது. விகர்ணன் உரையோ மூலத்திலேயே நிற்கிறது. நம் பாரதியாரும் பாஞ்சாலி சபதத்தில் விகர்ணன் சொல்வதற்குத் தனித் தலைப்புக் கொடுத்தார். அக்காவியத்தின் முதற்பாகம் 1912ஆம் ஆண்டில் வெளிவந்தது. விகர்ணன் பேசும் இரண்டாம் பாகம் 1921இல் கவிஞர் மறைந்த பின்னரே அச்சேறியது. பேசியும் கேட்கப்படாமற்போன ஒருவனுடைய உரைக்கு அந்தத் தாமதமும் பொருத்தமே.

இதுகாறும் புகழ்ந்தோம். இனி நண்பருள் இரண்டாம் சாராரோடு மாறுபடுகிறோம்.

துச்சாதனன் சேலையைப் பற்றியபோது விகர்ணன் என்ன செய்தான்? நூல் ஒன்றும் கூறவில்லை. எழுந்து தடுத்தான் என்று இல்லை. அவையை விட்டு வெளியேறினான் என்றும் இல்லை. இரண்டாம் முறை சூதாட அழைத்தபோது, வேண்டா என்று தடுத்தார் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அங்கே வீட்டுமரும் துரோணரும் இருக்கின்றனர். முதல் நாளில் அடைத்திருந்த வாய்கள், தடுக்கமுடியாது என்று தெரிந்த பின்னர்த் திறந்தன. அவ்வரிசையில் விகர்ணனும் இருக்கிறான்; திருதராட்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்த யுயுத்சுவும் இருக்கிறான். இவ்விருவர் பெயரும் அங்கே ஒருங்கு நிற்பதைக் காணும்போது எமக்கு ஏதோ செய்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், குருட்சேத்திரத்தில் இரு படைகளும் எதிரெதிர் நின்றபோது, எம் பக்கம் வர விரும்புவார் உளரோ என்று தருமபுத்திரர் உரக்க அழைத்தார். யுயுத்சு தன் முரசத்தோடு கடந்து சென்றான். விகர்ணன் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஏன் நின்றான்? செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல்லால் மூடிவிடுவது நம்மவர் வழக்கம். கர்ணனுக்கு அது பொருந்தும். துரியோதனன் அவனுக்கு ஒரு நாட்டையே கொடுத்தான். வீட்டுமர், தாம் கௌரவரின் பொருளால் கட்டுண்டவர் என்றும், மனிதன் பொருளுக்கு அடிமை என்றும் தம் வாயாலேயே தருமரிடம் கூறினார். அது கேட்க இனிதன்றாயினும் ஒளிவற்ற விடை. விகர்ணனோ எவர் சோற்றை உண்டான்? தன் தந்தை சோற்றை. அதற்குக் கடன் ஏது? இலங்கையில் கும்பகருணன் தமையனை இடித்துரைத்துவிட்டு அவனுக்காகவே மாண்டான். வீடணன் பிரிந்து சென்றான். அவ்விருவருக்கும் கம்பர் நெஞ்சைத் திறந்து காட்ட இடம் கொடுத்தார். விகர்ணனுக்கு வியாசர் அதனைக் கொடுத்திலர். தமையன் அவனை வெறுத்ததாகவும் இல்லை. கீதையின் தொடக்கத்தில் துரியோதனன் தன் படைத்தலைவரைத் துரோணரிடம் எண்ணிக் கூறும்போது, வீட்டுமர், கர்ணன், கிருபர், அசுவத்தாமன் என்னும் பெயர்களோடு தன் தம்பியருள் விகர்ணன் ஒருவனையே பெருமையோடு சேர்க்கிறான். அந்த அன்புதான் அவனைக் கட்டியதோ? பகைவன் கட்டிய கயிற்றை அறுத்தல் எளிது. உடன்பிறந்தான் தோள்மேல் இட்ட கையை எடுத்தெறிதல் எளிதன்று.

கிறிஸ்தவராகிய எமக்கு இங்கே யோவான் சுவிசேஷத்து நிக்கொதேமு நினைவுக்கு வருகிறான். இயேசுவைப் பிடிக்கச் சென்ற சேவகர் வெறுங்கையராய்த் திரும்பியபோது, ஒரு மனிதன் சொல்வதைக் கேளாமுன்னே நம் பிரமாணம் அவனைக் குற்றவாளி எனத் தீர்க்குமோ என்று ஆலோசனையோர் நடுவே அவன் ஒருவனே கேட்டான். நீயும் கலிலேயனோ என்றனர் மற்றவர். வினாவிற்கு விடையின்றி வினாவினான்மேல் வசை. கர்ணன் விகர்ணனுக்குச் செய்ததும் இதுவே. தேசம் வேறு, காலம் வேறு. அவை மட்டும் ஒன்றேபோலும். எனினும், இருவர் கதையும் பின்னர்ப் பிரிகின்றது. முதன்முதல் இரவில் மறைந்து வந்த நிக்கொதேமு, சிலுவையின் பின்னர் ஏறக்குறைய நூறு இராத்தல் நறுமணப் பொருளைச் சுமந்து வெளிப்படையாக வந்தான். அவையிற் கூறிய ஒரு சொல் அவனைக் கல்லறைமட்டும் இழுத்துச் சென்றது. விகர்ணனை அவன் சொல் அவ்வாறு இழுக்கவில்லை. சொல் ஒரு பக்கமும் வில் ஒரு பக்கமுமாக அவன் நின்றான். எம் குறை இதுவே. இக்குறையைச் சொல்லும்போதே, வீட்டைத் துறந்து எதிர்ப்பக்கம் செல்லும் துணிவு எமக்குண்டோ என்னும் எண்ணமும் உடன் எழுகின்றது. பத்தொன்பது வயதில் நூலகத்தில் அமர்ந்து விகர்ணனைக் கடிந்துகொள்வது எளிது.

பதினான்காம் நாட்போரில் வீமன் கர்ணனை மிகவும் நெருக்கினான். கர்ணனைக் காக்குமாறு துரியோதனன் தன் தம்பியரை ஏவினான். அவ்வாறு சென்றாருள் விகர்ணனும் ஒருவன். அவை நடுவே தன்னைச் சிறுவன் என்று இகழ்ந்தவனைக் காக்கவே சென்று உயிர்விட்டான். அன்று வீமன் கொன்ற எழுவருள் அவன் ஒருவனுக்காகவே வீமன் வருந்தினான். நூற்றுவரையும் கொல்வேன் என்று யான் உரைத்த வஞ்சினம் உன்னையும் கொன்றது. நீ எங்கள் நன்மையையே நாடியவன் என்று பகைவன் அழுதான். இக்கொலையிலே வஞ்சினம் உரைத்தவனும் வருந்துகிறான். துரியோதனன் தொடையை முறித்தபோது அவன் இவ்வாறு வருந்தவில்லை.

போர் முடிந்தபின் காந்தாரி களத்தைக் காண்கிறாள். யானைப் பிணங்களின் நடுவே, கார்முகில் சூழ்ந்த கூதிர்க்காலத்துத் திங்கள்போல விகர்ணன் கிடக்கின்றான். அவனுடைய இளமனைவி, ஊன் விரும்பி வந்த கழுகுகளை ஓட்டுகிறாள், ஓட்டி முடியவில்லை. காந்தாரி அவனைக் கண்ணனுக்குச் சுட்டிக்காட்டும்போது, அறிஞரால் மதிக்கப்பட்டவன் என்று ஓர் அடைமொழி சேர்க்கிறாள். எந்த நாளில் எந்த அறிஞர் மதித்தனர் என்று அவள் கூறவில்லை.